பாட்டியின் மூட்டுவலி மாத்திரையும் வீட்டு நாயும்

வயதான நாய் நொண்ட ஆரம்பித்தால் பல வீடுகளில் முதலில் திறப்பது மருந்து டப்பாவைத்தான். பாட்டியின் மூட்டு வலிக்கு வாங்கிய அட்டையில் நாலு மாத்திரை மிச்சம் இருக்கும். ஒன்றை எடுத்து, தயிர்சாத உருண்டைக்குள் ஒளித்துவைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது படும் வேதனையைப் பார்க்கச் சகிக்காமல் செய்வதுதான். ஆனால் புரூஃபென், காம்பிஃப்ளாம், வோவெரான் என்று நம் வீடுகளில் புழங்கும் வலி மாத்திரைகள் நாயைக் கொல்லக்கூடியவை. கிழட்டு நாய்க்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபென் மாத்திரை ஒன்றைப் போட்டால், கிலோவுக்கு 7 மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேர்கிறது. அதே மாத்திரை 10 கிலோ எடையுள்ள நாய்க்குள் போனால் கிலோவுக்கு 40. தினம் கிலோவுக்கு 8 மில்லிகிராம் வீதம் ஒரு மாதம் கொடுத்த நாய்களுக்கே இரைப்பையில் புண் வந்தது பதிவாகியிருக்கிறது. பாதி மாத்திரைதானே என்று உடைத்துக் கொடுத்தாலும் 20.

எடைக்குத் தகுந்தாற்போல் குறைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நாயின் உடம்பு இந்த மருந்துகளைக் கையாளும் விதமே வேறு. கல்லீரல் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பும் மருந்தைக் குடல் திரும்பவும் உறிஞ்சிக்கொள்கிறது. நாப்ரோக்சென் என்ற வலி மாத்திரையின் பாதி அளவு மனித உடம்பிலிருந்து நீங்க 12 முதல் 17 மணி நேரம் ஆகும். நாய்க்குக் கிட்டத்தட்ட மூன்று நாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கொடுத்தால் முதல் மாத்திரை போவதற்குள் அடுத்தடுத்தவை மேலே வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த மருந்துகள் வலியைக் குறைப்பது, புராஸ்டாகிளான்டின் என்ற பொருள் உடம்பில் உண்டாவதைத் தடுத்துத்தான். இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதே பொருள். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே. சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கும் கிழட்டு நாய்க்கு அந்தப் பாதுகாப்பு மிக அவசியம். சிறுநீரகத்தின் நாலில் மூன்று பங்கு கெட்ட பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும். அதுவரை நாய் சாப்பிடும், வாலாட்டும், கேட்டில் குரைக்கும். மிச்சமுள்ள கால் பங்கைத்தான் நாம் மாத்திரையால் தாக்குகிறோம்.

ஏமாற்றம் முதல் மாத்திரையிலேயே தொடங்கிவிடுகிறது. மாத்திரை போட்ட மறுநாள் நாய் நன்றாக நடக்கும். குணமாகிவிட்டது என்ற நம்பிக்கையில் இன்னொன்று கொடுப்பார்கள். அப்புறம் ஒருநாள் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும், வாந்தி எடுக்கும். மலம் கறுத்து, தார் போலப் பளபளத்து ஒட்டும். அதை வெள்ளைத் தாளில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். ஓரத்தில் செம்மை தெரிந்தால் குடலுக்குள் ரத்தம் கசிகிறது. மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடத்தில் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலும், ஈறு முழுக்க வெளிறிக் கிடந்தாலும் பொழுது விடியக் காத்திருக்காதீர்கள்.

தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு சாப்பிடும் நாய்கள் நிறைய. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு உள்ளே இருக்கும்போது வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பை ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். பழைய சீட்டை வைத்துக்கொண்டு ஸ்டீராய்டை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள், அது ஸ்டீராய்டு என்பதை அறியாமலேகூட இருப்பதுண்டு.

சிறுநீரகத்தை இந்த வகை மருந்து என்ன செய்யும் என்பதை நம் நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. வோவெரானில் இருக்கும் டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக மாண்டன. 2004இல் காரணம் உறுதியானது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பாறுக் கழுகுகள் இன்றும் எஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்று நம் நீலகிரியின் மாயாறுப் பள்ளத்தாக்கு. நாயின் உடற்கூறு வேறு என்றாலும் அதற்கும் இந்த மருந்து வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் தரும். மனிதருக்கான மாத்திரையாக அது எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிறது. நாய்க்கு என்று கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நாய்க்கான வலி மருந்துகள் தனியாக இருக்கின்றன. கார்ப்ரோஃபென் அவற்றில் ஒன்று. மெலாக்ஸிகாம் நாய்க்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு. குழப்பம் வருவது இங்கேதான். 10 கிலோ நாய்க்குத் தொடர்ந்து கொடுக்கும் அளவு நாளுக்கு 1 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். மனிதருக்கான மாத்திரையோ 7.5 அல்லது 15 மில்லிகிராம். பெயர் ஒன்றுதானே என்று கடையில் வாங்கிப் போட்டால் ஏழரை மடங்கோ பதினைந்து மடங்கோ உள்ளே போய்விடும். சரியான அளவில் கொடுப்பதற்கும்கூட முன்னதாகச் சிறுநீரகம், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை வேண்டும். மருந்து நாள்கணக்கில் நீடித்தால் இடையிடையே மறுபடி வேண்டும். மாத்திரைக்குப் பதில் ஜெல் தடவலாம் என்பதும் வேண்டாம். தடவிய இடத்தை நாய் நக்கிவிடும். உங்கள் முழங்காலில் தடவியிருந்தாலும் நக்கும்.

இன்னொரு கெடுதலும் இருக்கிறது. நொண்டும் நாய்க்கெல்லாம் மூட்டுத் தேய்மானம் என்று முடிவுகட்ட முடியாது. லேப்ரடாருக்கு முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். டாஷண்டுக்கு முதுகெலும்பின் வட்டு பிதுங்கியிருக்கலாம். ராட்வைலர், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களுக்கு எலும்புப் புற்றுநோய் வருவதுண்டு. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கும். நம் ஊரில் அது சர்வசாதாரணம். வலியை மட்டும் அமுக்கிவைத்தால் இவை கண்டுபிடிக்கப்படாமலே முற்றிவிடும். வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்று விடும் வீடுகளிலும் இதே கதிதான்.

வலியோடு கிடக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாய் வலியை மறைக்கும் பிராணி, அழுது காட்டாது. கட்டிலில் ஏறுவதை நிறுத்திவிடும், மாடிப்படியின் கீழேயே நின்று பார்க்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும், குழந்தை இடுப்பைத் தொட்டால் உறுமும். இதில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருந்தகத்தில் தொடங்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியதில் எடைக் குறைப்புக்கு ஈடாக எதுவும் இல்லை. 2002இல் முடிவு வெளியான ஆய்வு ஒன்றில் 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மட்டும் வாழ்நாள் முழுவதும் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்தார்கள். நிறையச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13. மூட்டு நோய்க்குத் தொடர் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் ஏறத்தாழ மூன்று ஆண்டு தள்ளிப்போனது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அடுத்தது தரை. வழவழப்பான டைல்ஸில் பின்னங்கால்கள் இரண்டும் விலகிச் சறுக்க, முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு எழ வேண்டியிருப்பது தேய்ந்த இடுப்புக்கு ஒவ்வொரு தடவையும் தண்டனை. நாய் நடக்கும் வழியில் ரப்பர் மேட் போடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள்.

மாத்திரை ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், உப்பே நஞ்சாகும். பால் ஊற்றினால் முறியும் என்பதும் பொய். நேரம் அதிகம் ஆகியிருக்காவிட்டால் டாக்டரால் வாந்தி எடுக்கவைத்து, கரித்தூள் மருந்து கொடுத்து, மருந்து ரத்தத்தில் ஏறுவதைக் குறைக்க முடியும். சிறுநீரகத்தைக் காக்க டிரிப்ஸ் ஏற்றுவார்கள். நாய் தெம்பாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்குக் கொடுத்தது, வேறென்ன மருந்து சாப்பிடுகிறது என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள்.