கேலி லோகோவை எப்படிப் படிப்பது?

ஆந்திராவின் குப்பம் ஊர்க் கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. எந்த எழுத்தும் படிக்கத் தெரியாதவர்கூடச் சின்னத்தைப் பார்த்தே தமக்கு வேண்டிய சோப்பை வாங்கிவிடுவார். பல ஆண்டு விளம்பரத்தால் நிறுவனங்கள் அந்தச் சின்னத்தில் சேர்த்து வைத்திருப்பது மக்களின் நம்பிக்கையை. சுற்றுச்சூழல் கேட்டைக் கண்டிப்பவர்கள் கேலி செய்ய அதே சின்னத்தைக் கையில் எடுப்பதும் அதனால்தான். இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள்.

முதல் விதம், சின்னத்தையே மாற்றி வரைவது. பிபி எண்ணெய் நிறுவனம் 2000-இல் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பூப் போன்ற லோகோவுக்கு மாறியது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் அந்நிறுவனத்துக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். எண்ணெய் கடலில் பரவியது. கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு பிபியின் லோகோவை மாற்றி வரையப் போட்டி வைத்தது. பச்சைப் பூவின் மேல் கறுப்பு எண்ணெய் வழிந்தபோது, நிறுவனம் தந்த வாக்கும் கடலில் நடந்ததும் ஒரே படத்துக்குள் வந்துவிட்டன.

இரண்டாவது விதம், சின்னத்தைத் தொடாமல் அதன் பக்கத்தில் வேறொன்றை வைப்பது. 2005-இல் புகைப்படக் கலைஞர் சரத் ஹாக்ஸர் சென்னையில் வைத்த விளம்பரப் பலகை இதற்கு நல்ல உதாரணம். பின்னணியில் கோகோ கோலாவின் சிவப்பு விளம்பரம், 'குடியுங்கள்' என்ற அழைப்போடு. அதன் முன்னால் தண்ணீர் வராத கைப்பம்பு. நிரம்பக் காத்திருக்கும் காலிக் குடங்கள். லோகோவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. குடத்தோடு வரிசையில் நின்ற எவருக்கும் அந்த அழைப்பின் பொருள் மட்டும் மாறிவிடுகிறது. நீண்ட காலம் நிலத்தடி நீரையே நம்பியிருந்த குப்பம் பகுதிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோகோ கோலாவின் இந்தியப் பிரிவு சார்பில் ஹாக்ஸருக்கு வக்கீல் நோட்டீஸ் போனது: பலகையை எடுக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் 20 லட்சம் ரூபாய் கேட்டு வழக்கு.

இப்படிக் கேலி செய்வது வணிகச் சின்னச் சட்டத்தை மீறுவதா? ஒடிசாவில் டாடாவின் பங்கோடு கட்டப்பட்ட தாம்ரா துறைமுகத்தால் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கு ஆபத்து என்று சொல்ல, கிரீன்பீஸ் 2010-இல் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. அதில் ஆமையைத் துரத்தும் பேய்கள் மேல் டாடா லோகோ இருந்தது. டாடா சன்ஸ் 10 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தடை விதிக்க மறுத்தார். விமர்சிப்பதற்காக ஒரு சின்னத்தைப் பயன்படுத்துவதாலேயே அது சட்டமீறல் ஆகிவிடாது என்றார். இது இடைக்கால உத்தரவுதான் என்றாலும், விமர்சகர்களுக்குப் பெரிய பலம்.

ஆனால் படம் யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டுமே காட்டும். எவ்வளவு கேடு என்பதை அளந்து சொல்லாது. ஹாக்ஸரின் காலிக் குடங்களுக்கு எடை தந்தது கேரளத்தின் பிளாச்சிமடை. அங்கே கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சிக் கெடுக்கிறது என்று 2002-இல் மக்கள் போராடத் தொடங்கினார்கள். 2004-இல் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2010-இல் கேரள அரசு அமைத்த குழு சேதத்தைச் சுமார் 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. நிறுவனம் பொறுப்பேற்க மறுத்தது.

எனவே ஒரு கேலி லோகோ உங்கள் கைபேசிக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சின்னத்தின் எந்தப் பகுதி மாறியிருக்கிறது, அல்லது பக்கத்தில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது? எந்த ஊரில் எப்போது நடந்ததை அது சுட்டுகிறது? அதற்கு அரசு ஆவணமோ நீதிமன்றப் பதிவோ ஆய்வறிக்கையோ இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத படத்தைப் பகிராதீர்கள். ஒரு பொய்ப் படம் போதும், உண்மையாகப் பாதிக்கப்பட்ட ஊரின் குரலையும் நம்பாமல் போய்விடுவார்கள். விடை இருந்தால், படத்தோடு அந்த ஆதாரத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.