தெளிந்த நீரின் வறுமை: வட அமெரிக்க ஏரிகளிற் புகுந்த மட்டிகள்

இயற்கை விஞ்ஞானம் கையாளும் சொற்களையும் இலக்கிய மாணவர் நுணுகி நோக்குதல் தகும். ஓர் உயிரினம் தன் தாயகத்துக்கு அப்பாற் சென்று பெருகுவதை ‘ஆக்கிரமிப்பு’ என வழங்கும் முறைமை, சாள்ஸ் எல்ற்றன் 1958 இல் வெளியிட்ட நூலின் பின்னர் வலுப்பெற்றது. போர்க்களத்திலிருந்து பெறப்பட்ட இவ்வுருவகம் ஒன்றை உணர்த்தி மற்றொன்றை மறைக்கின்றது. படையெடுப்பவன் தானாக வருகின்றான். நாம் ஈண்டு ஆராயும் மட்டியோ கொண்டுவரப்பட்டது.

கருங்கடல், கஸ்பியன் கடல் ஆகியவற்றை அண்டிய நீர்நிலைகளே வரிக்குதிரை மட்டியின் தாயகம். ஐரோப்பிய வணிக முதலாளித்துவம் ஆறுகளைக் கால்வாய்களால் இணைத்தபோது அது படகுகளோடு மேற்கு நோக்கி நகர்ந்தது. 1824 இல் இலண்டன் துறைமுகத்தில் அறியப்பட்டது. 1959 இல் திறக்கப்பட்ட சென் லோறன்ஸ் கடல்வழி, பெருங்கப்பல்களை வட அமெரிக்கப் பேரேரிகளின் உள்ளே கொண்டுவந்தது. சரக்கின்றி வரும் கப்பல் தளம்பாதிருக்கும் பொருட்டு அதன் அடிப்பகுதியில் நீர் நிரப்பப்படும். சரக்கேற்றுமிடத்தில் அந்நீர் வெளியேற்றப்படும். கண்ணுக்குப் புலப்படாத குடம்பிகள் அந்நீரிலேயே பயணஞ் செய்தன. 1988 யூன் மாதத்தில் சென் கிளயர் ஏரியில் வரிக்குதிரை மட்டியும், மறு ஆண்டில் ஈறி ஏரியில் அதன் உறவினமான குவாகா மட்டியும் காணப்பட்டன. 1989 இறுதியில் மட்டிகளும் பனிக்கட்டியும் அடைத்துக்கொண்டமையால் மிச்சிகன் மாநிலத்து மன்றோ நகரம் குடிநீரின்றித் தவித்தது.

ஒரு மட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரை வடித்து, அதிலுள்ள நுண்பாசிகளை உண்கின்றது. கோடானுகோடி மட்டிகள் வடித்தபோது ஏரிநீர் தெளிந்தது. தெளிந்த நீரை வளத்தின் அறிகுறியாகப் பாடிப் பழகிய நமக்கு இது நன்மையெனவே தோன்றும். ஆனால் தோற்றம் வேறு, சாரம் வேறு. நீர் தூய்மையடையவில்லை, அதிலிருந்த உணவு அகற்றப்பட்டுவிட்டது.

ஹட்சன் ஆற்றில் 1991 இல் இம்மட்டி முதன்முதல் அவதானிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் முடிவிலேயே அதன் மொத்த நிறை, அங்கு உணவை நுகர்ந்து வாழும் ஏனைய உயிரினங்கள் யாவற்றின் நிறையையும் விஞ்சியது. நுண்பாசிகள் எண்பது வீதத்துக்கு மேல் அருகின. ஆற்றுக்குரிய பழைய மட்டியினங்கள் பட்டினியால் நலிந்தன. அன்று ஆய்வை நிறுத்தியிருந்தால் முடிவு ஒன்றாகவே இருந்திருக்கும். ஆய்வு பல்லாண்டு தொடர்ந்தமையால் வேறொன்று வெளிப்பட்டது: 2000 ஆம் ஆண்டினை அடுத்து, வந்தேறிய மட்டிகள் நெடுங்காலம் உயிர்வாழாது இறக்கலாயின, விலங்கு நுண்ணுயிர்களும் பழைய மட்டிகளும் ஓரளவு மீண்டன. ஓர் இனத்தின் விளைவு என்பது நிலையான பொருளன்று, வரலாறுடையது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இதனை எங்கும் பொருத்திவிட முடியாது. மிச்சிகன் ஏரியில் ஆழ்ந்த குளிர்நீரிலும் சேற்றிலும் வாழவல்ல குவாகா மட்டி, 2005 அளவில் வரிக்குதிரை மட்டியின் இடத்தைக் கைப்பற்றியது. இளவேனிலில் நிகழும் நுண்பாசிப் பெருக்கம் ஏறக்குறைய மறைந்தது. அடித்தளத்தில் வாழ்ந்த, இறாலை ஒத்த டைபோறியா என்னும் சிற்றுயிர் அருகியது. அதனை உண்ட வெண்மீன் மெலிந்தது. 2021 இல் வெளியான ஆய்வொன்று, அப்பேரேரியின் பொசுபரசுச் சுழற்சியையே இம்மட்டிகள் நிருணயிப்பதாகக் காட்டியது. முரண்பாடு யாதெனில், நடு ஏரி உணவின்றி வாட, கரையோரத்தில் ஒளி ஆழமாகப் புகுவதாலும் மட்டிக் கழிவு உரமாவதாலும் கிளடோபோரா என்னும் பாசி மண்டி அழுகுகின்றது. அதனோடு தொடர்புபட்ட நச்சினால் நீர்ப்பறவைகள் மடிகின்றன. வறுமையும் மிகையும் ஒரே இயக்கத்தின் இரு விளைவுகள்.

இவ்விழப்பை ஏற்றவர் யார்? கப்பற் போக்குவரத்தின் இலாபம் தனியாருக்குச் சென்றது. குழாய்களைத் துப்புரவாக்கும் செலவு நீர்க்கட்டணமாக நகர மக்கள்மேற் சுமத்தப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா 1990 இல் ஒரு சட்டம் இயற்றியது. கப்பல்நீர் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2004 இல் நிறைவேற்றப்பட்டு, 2017 செப்ரெம்பரிலேயே, அதாவது மட்டி கண்டறியப்பட்டு இருபத்தொன்பது ஆண்டுகளின் பின்னரே, நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2007 சனவரியில், குவாகா மட்டி கொலறாடோ ஆற்றின் மீட் ஏரியிற் காணப்பட்டுவிட்டது. சரக்குக் கப்பல் எதுவும் அங்கு செல்வதில்லை. நெடுஞ்சாலை வழியே இழுத்துச் செல்லப்பட்ட உல்லாசப் படகுகளே அதனைச் சுமந்தன என்பர்.