புல்லென்று நினைத்தால் தொல்லை

பணக்காரத் தோட்டங்களில் அலங்காரப் புற்கள்தான் இப்போதைய மோகம். வாங்கும்போது யாரும் சொல்லாத சில விஷயங்கள் அவற்றின் அடியில் ஒளிந்திருக்கின்றன.

குருகிராமின் பண்ணை வீடுகளிலும் பெங்களூரின் வில்லாக்களிலும் ரோஜாவும் குரோட்டன்ஸும் பழைய ஃபேஷனாகிவிட்டன. அந்த இடத்தைப் பிடித்திருப்பது புல். மாடு மேயும் புல் அல்ல. இடுப்பளவு உயர்ந்து, நரி வால் போன்ற கதிர்களைக் காற்றில் ஆட்டும் ஃபவுண்டன் புல்லும், ஆளுயரத்துக்கு வெண்சாமரம் வீசும் பாம்பாஸ் புல்லும். உரம் வேண்டாம், பூச்சி வராது, நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பது நர்சரிக்காரர்களின் உத்தரவாதம்.

இதில் பாதி உண்மை. மீதிப் பாதி இரண்டாவது வருடம்தான் தெரியவரும்.

முதலில் உழைப்பு. பழைய தாள்கள் தானாக உதிர்வதில்லை. வருடத்துக்கு ஒருமுறை புதரைத் தரையோடு வெட்டாவிட்டால் பச்சையைவிட வைக்கோல்தான் அதிகம் தெரியும். சில வருடங்களில் புதரின் நடுப்பகுதி பட்டுப்போய், சுற்றிலும் மட்டும் உயிரோடு இருக்கும். அப்போது தோண்டியெடுத்துப் பிரித்து நட வேண்டும். வேர்கள் பின்னிக் கிடப்பதால் மண்வெட்டி போதாது, கடப்பாறை தேவைப்படும். பாம்பாஸ் புல்லின் இலையோரங்களோ ரம்பம் போன்றவை. அதன் தாவரப் பெயரான கோர்டடேரியாவே 'வெட்டு' என்று பொருள்படும் ஸ்பானிய வார்த்தையிலிருந்து வந்ததுதான். கையுறை இல்லாமல் நெருங்கினால் ரத்தம் நிச்சயம்.

அடுத்தது வேண்டாத விருந்தாளிகள். அடர்ந்த புதரின் அடியில் எலி குடியேறும்; எலியைத் தேடிப் பாம்பு வரும். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசல் படிக்கும் அருகே இந்தப் புதர்களை நடுவது புத்திசாலித்தனமல்ல. காற்றின் மூலம் மகரந்தம் பரப்பும் தாவரம் என்பதால், புல் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கதிர் விடும் பருவத்தில் தும்மிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வட இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழைக்காலத்தில் கொழித்த புல் காயத் தொடங்கும் நேரத்தில்தான் தீபாவளி வருகிறது. பக்கத்து வீட்டு ராக்கெட் ஒன்று காய்ந்த புதரில் விழுந்தால் போதும்.

தண்ணீர்? வேர் பிடித்த புல் வறட்சியைத் தாங்கும் என்பது சரிதான். ஆனால் முதல் கோடையைத் தாண்டும்வரை ஒழுங்காக ஊற்றியாக வேண்டும். தொட்டியில் வளர்த்தால் எப்போதுமே. 2024 மார்ச்சில், கடும் தட்டுப்பாட்டில் சிக்கிய பெங்களூரில் தோட்டத்துக்குக் குடிநீர் பாய்ச்சக் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வேலிக்கு வெளியே காத்திருக்கிறது. பாம்பாஸ் புல்லின் ஒரே கதிரிலிருந்து ஒரு லட்சம் விதைகள்வரை பறக்கக்கூடும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் புல் கலிபோர்னியாவின் கடற்கரைகளை ஆக்கிரமித்தது. நியூசிலாந்தில் இதன் விற்பனைக்கே தடை. அழகுக்காகக் கொண்டுபோன ஃபவுண்டன் புல், ஹவாயின் எரிமலைச் சரிவுகளில் பரவித் தீக்கு விறகாகிறது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதை ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் சேர்த்தது.

இந்தியாவுக்கு இது புதிய பாடமல்ல. வெள்ளைக்காரர்கள் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி, நாட்டின் புலிக் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பூவின் அழகில் மயங்கிக் குளத்தில் விட்ட ஆகாயத்தாமரை ஏரிகளை மூடிக்கொண்டது. அவற்றோடு ஒப்பிட்டால் அலங்காரப் புல் இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறது. ஆனால் வறண்ட பூமியில் செழிக்கும் ஃபவுண்டன் புல்லுக்குத் தக்காணத்தின் திறந்த புல்வெளிகள் பிடிக்காமல் போகாது. வெளிநாட்டுச் செடிகள் நுழைவதைக் கட்டுப்படுத்த 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கிறது. அது துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் போட்ட வேலி. ஏற்கனவே நர்சரிக்குள் வந்துவிட்ட செடி எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்பதை அந்த வேலி பார்ப்பதில்லை.

அதற்காகப் புல் ஆசையையே விட வேண்டியதில்லை. ஃபவுண்டன் புல்தான் வேண்டுமென்றால், பெரும்பாலும் விதை பிடிக்காத செந்நிற வகையைக் கேட்டு வாங்கலாம். பச்சை வகை வேண்டாம். அதைவிட நல்லது, தென்னிந்தியாவில் காலங்காலமாகப் பயிரிடும் விதை பிடிக்காத வெட்டிவேர். வேர் நேராகக் கீழே இறங்குமே தவிர பக்கத்துத் தோட்டத்துக்குத் தாவாது. மண் அரிப்பையும் தடுக்கும். எலுமிச்சைப் புல் இன்னும் வசதி. ஆனால் நம் நாட்டுப் புல் என்பதாலேயே எல்லாம் சாதுவல்ல. துர்கா பூஜை நேரத்தில் வங்காளத்தின் ஆற்றங்கரைகளை வெள்ளையாக்கும் காஷ் புல்லை வீட்டுக்குள் விட்டால், தோட்டம் அதன் கைக்குப் போய்விடும்.

நர்சரியில் விலை கேட்பதற்குமுன் ஒரு கேள்வி கேட்பது நல்லது: இது விதை விடுமா? விடும் என்றால், கதிர் முற்றுமுன் வெட்ட வருடா வருடம் ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புல்லைப் படத்தில் பார்த்து ரசிப்பதே உத்தமம்.