பழைய துப்பறியும் நாவல்கள் உங்கள் கம்ப்யூட்டரில்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறிவார். அந்தச் சாமியாரைப் படைத்தவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். இங்கிலாந்தில் வில்கி காலின்ஸ் 1860-களில் வாசகர்களைத் தூங்கவிடாமல் செய்தார் அல்லவா, இவர் நம் ஊர் காலின்ஸ்!

இவரது நூல்கள் நாட்டுடைமை ஆனவை, இன்டர்நெட்டில் இலவசம். பிரௌசரில் 'விக்கிமூலம்' என்று தமிழிலேயே டைப் செய்து அந்தத் தளத்துக்குச் செல்லுங்கள். தேடல் கட்டத்தில் 'கும்பகோணம் வக்கீல்' என்று கொடுங்கள். நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கலாம். வாக்கியங்கள் ரயில் போல நீளும், முதலில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலின்ஸை ஆங்கிலத்தில் படிக்க புராஜெக்ட் குட்டன்பர்க் தளம் இருக்கிறது. அன்று படம் பார்த்த தாத்தா வீட்டில் இருந்தால், கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி பிளஸ் கீயைத் தட்டுங்கள். எழுத்து பெரிதாகும், அவரும் படிப்பார்.