கடலூர்ப் போர்க் கப்பலுக்கு ஒரு மாதிரி

1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் சுஃப்ரனின் 15 பிரெஞ்சுப் போர்க் கப்பல்களும் எட்வர்டு ஹியூஸின் 18 பிரிட்டிஷ் கப்பல்களும் மோதின. ஹியூஸ் மெட்ராஸுக்குத் திரும்ப, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை முற்றுகையிட்ட பிரிட்டிஷ் தரைப்படை கடல்வழித் துணையை இழந்தது. இன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்பவருக்கு அக்கப்பல்களைக் கற்பனை செய்யவும் பிடிமானம் இல்லை.

ஹியூஸின் தலைமைக் கப்பல், 74 பீரங்கிகள் கொண்ட ‘சூப்பர்ப்’. அதே ஆண்டு நவம்பரில் அது தலச்சேரி அருகே அழிந்தது. ஆனால், தாமஸ் ஸ்லேடின் அதே வடிவமைப்பில் 1760-ல் உருவான ‘பெல்லோனா’வின் மாதிரி, லண்டன் கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்பது கணக்கு. 168 அடி பீரங்கித் தளம் மூன்றரை அடியாகிறது. அடிப்பகுதியில் செப்புத் தகடு பதித்த அம்மாதிரி, மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் காட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. மரத்தைத் துளைக்கும் புழுவையும், வேகத்தைக் குறைக்கும் பாசியையும் செம்பு தடுக்கும். கடற்படையின் பெருஞ்செலவுக்காக வாதாடிய பொருள் அது!

அடிமரமான ஏரா, விலாச் சட்டங்களான வங்குகள், பிறகு பலகைகள் என்று அசல் கப்பலின் வரிசையிலேயே மாதிரியையும் கட்டலாம். பொறுமையைச் சோதிப்பவை கயிறுகள்தான். ஒவ்வொன்றின் தடிமனையும் 48-ஆல் வகுத்து, அதற்கேற்ற நூலைத் தனித்தனியே முறுக்க வேண்டும். மாதக்கணக்கில் நீளும் வேலை.

கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்காக இப்பணியை மேற்கொள்ளலாம். குமராட்சியிலிருந்து வரும் மாணவர், தம் மாவட்டத்துக் கடலில் நின்ற கப்பலை முதன்முறையாக அங்கே காண்பார்.