65 வயசைத் தாண்டினா கிட்னி மாற்று முடியாதா? டயாலிசிஸ், ஆபரேஷன்... எந்த வயசுக்கு எது?

"வயசு 66 ஆச்சு, இனிமே எதுக்கு ஆபரேஷன்? டயாலிசிஸ்லயே ஓட்டிடலாம்." இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டதாக டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் எழும் பேச்சு இது. "குழந்தை சின்னதா இருக்கே, கொஞ்சம் வளரட்டும்" என்று தள்ளிப்போடும் வீடுகளும் உண்டு. இரண்டு இடத்திலும் வயசுதான் காரணம். ஆனால் டாக்டர்கள் வயசை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

168 மணி நேர வேலை, 12 மணி நேரத்தில்

நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். டயாலிசிஸ் என்பது பொதுவாக வாரம் 3 முறை, தலா 4 மணி நேரம். ஆக மொத்தம் 12 மணி நேரம்தான். மீதி நேரம் சேரும் கழிவும் நீரும் உடம்பிலேயே தங்கும். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்வதும், பொட்டாசியம் அதிகமுள்ள இளநீர், வாழைப்பழத்தைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். ரத்த உற்பத்திக்குத் தேவையான ஹார்மோனை மெஷின் தராது. அதற்குத் தனியாக ஊசி போட வேண்டும்.

அதனால் ஆபரேஷனைத் தாங்கும் உடல்நிலை இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு மாற்று சிறுநீரகமே நல்ல வழி.

குழந்தைகளுக்கு ஏன் அவசரம்?

சிறுநீரகம் கெட்டால் குழந்தையின் வளர்ச்சியே நின்றுபோகலாம். எலும்பு, உயரம், படிப்பு எல்லாவற்றிலும் அடி விழும். "வளரட்டும்" என்று காத்திருப்பது இங்கே எதிர் பலனைத் தரும். சிறு குழந்தைகளின் ரத்தக்குழாய் மெல்லியது என்பதால், வயிற்றுக்குள் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் பல நேரம் பயன்படுகிறது. ஆனால் அது இடைக்கால ஏற்பாடுதான்.

எடை சுமார் 10 கிலோவைத் தொட்டாலே பெரியவர்களின் சிறுநீரகத்தைப் பொருத்த முடியும். அம்மாவின் சிறுநீரகம் அந்தச் சின்ன வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மட்டும் ஆபரேஷனுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்; பிறகு பொதுவாகப் போட மாட்டார்கள்.

ஒன்றைப் பெற்றோர் தெரிந்தே இறங்க வேண்டும். உயிரோடு இருப்பவர் கொடுத்த சிறுநீரகம் சராசரியாக 15 முதல் 20 வருஷம் உழைக்கும். 8 வயதில் பொருத்தினால், இளைஞனாகும்போது இன்னொன்று தேவைப்படலாம்.

ஆபத்தான வயசு எது?

கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், டீன் ஏஜ்தான். புது சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் இருக்க தினமும் நேரம் தவறாமல் மாத்திரை போட வேண்டும். முகம் உப்புது, பரு வருது, ஹாஸ்டல்ல நண்பர்கள் கேக்குறாங்க என்று மாத்திரையை விட்டுவிடும் பிள்ளைகள் நிறைய. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிறுநீரகம் அதனாலேயே கெட்டுப்போவது உண்டு.

இளம் பெண்களுக்கு வேறு கேள்வி: குழந்தை பெற முடியுமா? டயாலிசிஸில் இருக்கும்போது கர்ப்பம் தரிப்பது கஷ்டம். மாற்றுக்குப் பிறகு, குறைந்தது ஒரு வருஷம் கழித்து, டாக்டர் சில மாத்திரைகளை மாற்றிக் கொடுத்த பின் பலர் தாயாகியிருக்கிறார்கள்.

65ஐத் தாண்டியவர்களுக்கு?

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைப் பெறப் பதிவு செய்ய 65 வயசுதான் உச்சவரம்பு என்று இருந்தது. 2023இல் மத்திய அரசு அதை நீக்கிவிட்டது. இப்போது இதயம், ரத்தக்குழாய், நுரையீரல் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. ஐரோப்பாவில் 8 நாடுகள் சேர்ந்த யூரோடிரான்ஸ்பிளான்ட் அமைப்பு, 65ஐக் கடந்தவர்கள் தரும் சிறுநீரகத்தை அதே வயசுக்காரர்களுக்குப் பொருத்தும் திட்டத்தை 1999லேயே தொடங்கிவிட்டது.

பல வீடுகளில் தடை மருத்துவம் இல்லை, மனசு. "புள்ளைகிட்ட வாங்கியா நான் வாழணும்?" என்று அப்பாக்கள் மறுத்துவிடுவார்கள். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குத்தான் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது.

80ஐத் தாண்டி, இதய நோயும் சேர்ந்து தளர்ந்துபோனவர்களுக்கு டயாலிசிஸே பாரமாகலாம். மாத்திரை, உணவுக் கட்டுப்பாட்டோடு வலியில்லாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு சிகிச்சை முறைதான். அது கைவிடுவது ஆகாது.

யார் தரலாம், செலவு?

பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன், மனைவி தரலாம். 2011 சட்டத் திருத்தத்துக்குப் பின் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளும் நெருங்கிய உறவுப் பட்டியலில் வந்துவிட்டார்கள். தருபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் சிறுநீரக மாற்றும் அடங்கும்.

டிரான்ஸ்டான் பட்டியலில் நோயாளி நேரடியாகப் பெயர் கொடுக்க முடியாது. சிகிச்சை தரும் மருத்துவமனைதான் பதிவு செய்யும். கிரியாட்டினின் ஏறத் தொடங்கியதுமே டாக்டரிடம் இதைக் கேட்டு வைப்பது நல்லது. கூடவே, வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது கையில் ஊசி குத்த விட வேண்டாம். டயாலிசிஸ் தேவைப்பட்டால் ஃபிஸ்டுலா போட அந்த நரம்புகள் கெடாமல் இருக்க வேண்டும். அது பயன்பாட்டுக்குத் தயாராகவே பல வாரம் பிடிக்கும்.