நாய்க்கு முடி வாரும் முறை

நாயின் தோலில் முடி தனித்தனியாக முளைப்பதில்லை. கொத்துக் கொத்தாக முளைக்கிறது. கொத்தில் தடித்து நீண்டது மேல்முடி. அதைச் சுற்றிப் பஞ்சு போல இருப்பது அடிமுடி. பொமரேனியன், லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களுக்கு அடிமுடி அடர்த்தி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய தமிழ்நாட்டு இனங்களுக்குக் குட்டை முடிதான். அடிமுடி மிகக் குறைவு. பூடில், ஷிட்சூ நாய்களின் முடி நெடுநாள் வளர்ந்துகொண்டே இருக்கும். அதிகம் கொட்டாது, ஆனால் வாராமல் விட்டால் சடை பிடித்துவிடும்.

முடி உதிர்வது பெரும்பாலும் நோயல்ல. பகல் பொழுது நீள்வதையும் குறைவதையும் ஒட்டிப் பழைய முடி கொட்டிப் புதியது முளைக்கிறது. இரவிலும் விளக்கு எரியும் வீட்டுக்குள் வளரும் நாய்க்கு இந்தப் பருவக் கணக்குக் குழம்பி, ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுகிறது. கொட்டிய அடிமுடி எல்லாம் தரையில் விழுவதில்லை. மேல்முடியில் மாட்டிக்கொண்டு, உரசல் அதிகமுள்ள காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களில் சிக்காகத் திரள்கிறது. முற்றிய சிக்கு தோலை ஓயாமல் இழுக்கும். அதனடியில் காற்றுப் புகாமல் ஈரம் தங்கிப் புண்ணாகும்.

வீட்டில் வாருபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு: மேலே மட்டும் வாருவது. முதுகு பளபளக்கும், அடியில் சிக்கு அப்படியே கிடக்கும். அடர்ந்த முடியை ஒரு கையால் மேலே ஒதுக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடெடுத்து, அந்த வரிசையை மட்டும் வாரிவிட்டு அடுத்த வகிட்டுக்குப் போக வேண்டும். வளைந்த மெல்லிய கம்பிகள் கொண்ட பிரஷ் இதற்கு ஏற்றது. அழுத்தினால் தோல் சிராய்க்கும் என்பதால் கை லேசாக இருக்க வேண்டும். முடிவில் உலோகச் சீப்பை வேரிலிருந்து நுனிவரை ஓட்டிப் பார்க்கலாம். தடையின்றி ஓடினால்தான் வேலை முடிந்ததாகப் பொருள். நீள முடிக்கு நாள்தோறும், அடர்ந்த அடிமுடிக்கு வாரம் இரண்டு மூன்று முறை வாரலாம். குட்டை முடிக்கு வாரம் ஒருமுறை ரப்பர் பிரஷால் தேய்த்துவிட்டாலே போதும்.

சிக்கை எடுக்கும்போது அதன் வேர்ப்பக்கத்தை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது. நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். கத்தரிக்கோல் ஆபத்தானது, சிக்கோடு தோலும் மேலெழுந்து வருவதால் எளிதில் வெட்டுப்படும். குளிப்பாட்டுவதற்கு முன்பே வாரிவிடுவது முக்கியம். நனைந்து உலர்ந்த சிக்கு முன்னிலும் இறுகிவிடும். நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைவு. எனவே மனிதர்களின் ஷாம்பு ஒத்துவராது. குளித்தபின் அடிமுடி வரை உலர்த்த வேண்டும்.

கோடையில் நாய்க்கு மொட்டையடிப்பது நல்லெண்ணத்தில் செய்யும் தீங்கு. நாய் முக்கியமாக மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது, அதனால் முடியை மழிப்பது பெரிதாக உதவாது. அடர்ந்த அடிமுடியுள்ள நாயை மழித்தால் தோலில் வெயில் நேராகப் படும். சில நாய்களுக்கு மழித்த இடத்தில் பல மாதங்கள் முடி சரியாக முளைப்பதில்லை. கொட்டிய அடிமுடியை வாரி எடுத்துவிட்டாலே தோலுக்குக் காற்று போகும்.

வாரும்போது விரல்கள் தோலையும் தடவிப் பார்க்க வேண்டும். காதுமடல், கால்விரல் இடுக்குகளில் உண்ணி ஒட்டியிருக்கும். எர்லிக்கியா, பபேசியா போன்ற இரத்த நோய்களைப் பரப்புவது அதுதான். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் தோலைப் பொசுக்கும், நாய் நக்கினால் நஞ்சாகும். கருமிளகுத் தூள் போன்ற துகள்கள் சீப்பில் வந்தால் ஈரமான வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்கலாம். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். வட்டமாக முடி கொட்டிய இடமோ புதிய கட்டியோ தென்பட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.